ஆணி அடிக்கக் கூடாது: முதல் ஐந்து நிமிட மேடை நகைச்சுவைக்கு ஒரு வழிகாட்டி

"நான் ரவுடி" என்று ஒருவர் சொன்னால், பயப்படுவதா வேண்டாமா என்று யோசிப்போம். "நானும் ரவுடிதான்" என்று சொன்னால் சிரித்துவிடுவோம். தலைநகரம் படத்தில் (2006) வடிவேலு சொன்ன இந்த வரி இன்னும் மீமிலும் ஆபீஸ் அரட்டையிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு வாக்கியத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு 'உம்', ஒரு 'தான்'. ஊரில் ஏற்கெனவே ரவுடிகள் இருக்கிறார்கள், என்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த 'உம்' மனுப் போடுகிறது. யாரும் தன்னை நம்பவில்லை என்பதை அந்த 'தான்' காட்டிக்கொடுக்கிறது. ரவுடி மனுப் போடலாமா? அங்கேதான் சிரிப்பு வருகிறது.

நகைச்சுவை எழுத வருகிறவர்கள் முதலில் தேடுவது சிரிப்பான சம்பவத்தை. சம்பவத்துக்கு யாரிடமும் பஞ்சமில்லை. எந்தச் சொல்லில் சொல்கிறோம், எந்தச் சொல்லில் நிறுத்துகிறோம், நிறுத்தியபின் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் வேலை இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஏறிப் பேசக்கூடிய ஓப்பன் மைக் மேடையில் முதல்முறை ஏறப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே பெரும்பாலும் நான்கைந்து நிமிடம்தான் தருவார்கள். ஒரே ஒரு ஜோக்கை எடுத்துக்கொண்டு, அது கச்சாவாக இருக்கும் நிலையிலிருந்து மேடைக்குப் போகும்வரை கூடவே போவோம். மற்றவற்றை இதே முறையில் நீங்கள் செய்துகொள்ளலாம்.

முதலில், விஷயம்

உங்களை எரிச்சல்படுத்தும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அது சின்னதாக இருக்கட்டும். 'கல்யாண வாழ்க்கை', 'அரசியல்', 'இந்தக் காலத்துப் பசங்க' எல்லாம் தலைப்புகள். அவற்றை வைத்துப் பட்டிமன்றம் நடத்தலாம், ஜோக் எழுத முடியாது. வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடாத ஓனர் என்பது விஷயம். நாம் எடுத்துக்கொள்ளப்போவதும் அதைத்தான்.

விஷயம் கிடைத்ததும், இதில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நான்கு இடம் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் கேலி. இளமை சிறுபிள்ளைத்தனம். பேதைமை அறியாமை. மடன்தான் சுவாரசியமானது. அதைக் 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை' என்பார்கள் உரைகாரர்கள். ஒருவர் சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, உலகமே தலைகீழானாலும் விடாமலிருப்பது.

கரகாட்டக்காரன் (1989) வாழைப்பழத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு பழம் வாங்கச் சொல்லி அனுப்பிய கவுண்டமணி, கையில் ஒன்றுதான் வந்ததும் இன்னொன்று எங்கே என்கிறார். "அதாண்ணே இது" என்கிறார் செந்தில். கேள்வியை எப்படி மாற்றிக் கேட்டாலும் பதில் மாறுவதில்லை. அது சுத்தமான மடன். செந்தில் ஏமாற்றுகிறாரா, உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறாரா என்று கடைசிவரை நமக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டாவது தடவையே அலுத்திருக்கும்.

நம்முடைய ஹவுஸ் ஓனரும் மடன் வகை. அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு கவலை, ஆணி. இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

எள்ளலைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. நிறம், உருவம், வழுக்கை என்று கேலி செய்து தமிழ் சினிமா நிறையச் சிரிப்பு சம்பாதித்திருக்கிறது. அங்கே உதை வாங்குகிறவரும் சம்பளம் வாங்குகிற நடிகர். ஓப்பன் மைக்கில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர். கேலியை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். தைரியமும் குறைவாகத்தான் தேவைப்படும், சிரிப்பும் கூடுதலாகக் கிடைக்கும்.

மிமிக்ரியில் தொடங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2005-இல் விஜய் டிவியில் வந்த கலக்கப் போவது யாரு நிகழ்ச்சிக்குப் பிறகு, நகைச்சுவை என்றாலே பலகுரல் என்று ஒரு தலைமுறை நினைத்துக்கொண்டது. குரல் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதில் தொடங்காதீர்கள். ரஜினி குரலுக்கு வரும் கைத்தட்டல் ரஜினிக்கு வருவது. உங்கள் வரி வேலை செய்ததா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

பேசுங்கள், அப்புறம் எழுதுங்கள்

நேராகத் தாளில் எழுதினால் கட்டுரைத் தமிழ் வந்து உட்கார்ந்துகொள்ளும். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, பக்கத்தில் நண்பன் இருப்பதாக நினைத்துச் சொல்லுங்கள். பிறகு அதைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். நம்முடைய ஜோக் முதலில் இப்படித்தான் இருக்கும்:

"எங்க ஹவுஸ் ஓனர் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டுங்க, செவுத்துல ஆணியே அடிக்க விடமாட்டாரு, அதனால எங்க கல்யாண போட்டோவ மாட்ட முடியாம பிரிட்ஜ் மேல சாத்தி வெச்சிருக்கோம், பிரிட்ஜத் திறக்கறப்பல்லாம் அந்த போட்டோ கீழ விழுந்துடுது, உடனே கீழ் வீட்லேருந்து ஓனர் ஆணியா அடிக்கிறீங்கன்னு கேக்குறாரு, ரொம்ப கொடுமைங்க."

இதைக் கேட்டு நண்பன் லேசாகச் சிரிப்பான், நட்புக்காக. சரக்கு முழுக்க உள்ளே இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிக் கிடக்கிறது.

முதல் வெட்டு, 'ரொம்ப ஸ்ட்ரிக்ட்டுங்க'. தீர்ப்பை நீங்களே சொல்லிவிட்டால் கேட்பவருக்கு வேலை இல்லை. அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதைக் கூட்டம் கண்டுபிடிக்கட்டும். அதற்குப் பதிலாக நேர் எதிராக ஆரம்பியுங்கள்: "எங்க ஹவுஸ் ஓனர் நல்ல மனுஷன்." ஓனரை ஒருவர் மேடையில் புகழ்ந்தால் அடுத்து ஏதோ வரப்போகிறது என்று வாடகை வீட்டில் இருக்கும் எவருக்கும் தெரியும். காது நிமிரும்.

அடுத்த வெட்டு, கடைசியில் இருக்கும் 'ரொம்ப கொடுமைங்க'. சிரிப்பு வரவேண்டிய இடத்தைத் தாண்டி நிற்கும் எந்தச் சொல்லும் சிரிப்பின் மேல் ஏறி உட்காரும். 'அதனால', 'மாட்ட முடியாம', 'உடனே', 'அந்த' போன்ற ஒட்டுகளும் போகட்டும். ஆணி அடிக்கக் கூடாது, போட்டோ பிரிட்ஜ் மேல் இருக்கிறது என்று இரண்டு வரியைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலே காரணம் புரிந்துவிடும். புரிந்துகொள்ள அவர்களுக்குக் கால் நொடி ஆகும். அந்தக் கால் நொடியில்தான் அவர்கள் உங்களுடன் சேர்கிறார்கள்.

வெட்டியபின்:

"எங்க ஹவுஸ் ஓனர் நல்ல மனுஷன். ஒரே ஒரு கண்டிஷன்தான். செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. எங்க கல்யாண போட்டோ இப்ப பிரிட்ஜ் மேல சாஞ்சு நிக்குது. பிரிட்ஜத் திறந்தா போட்டோ கீழ விழுது."

மேடைக்காரர்கள் முன்பகுதியைச் செட்டப் என்பார்கள், சிரிப்பு வெடிக்கும் இடத்தைப் பஞ்ச் என்பார்கள். செட்டப் இப்போது தேறிவிட்டது. பஞ்ச் இன்னும் தகவலாகவே இருக்கிறது.

ஒரு சொல்லை மாற்றுங்கள்

'போட்டோ கீழ விழுது.' இதில் ஒரு சொல்லை மாற்றிவிடுங்கள்: 'கல்யாணம் கீழ விழுது.'

நாலு பேருக்குச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். விழுவது போட்டோதான் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் காதில் விழுந்தது கல்யாணம். வீட்டுச் சாமான் பற்றிய புலம்பல், திடீரென்று அந்தத் தம்பதியைப் பற்றியதாகிவிட்டது. நாம் எதையும் சேர்க்கவில்லை. ஒரு சொல் மாறித்தான் இருக்கிறது.

அப்புறம் 'பிரிட்ஜத் திறந்தா' என்பதையும் பாருங்கள். எதற்குத் திறக்கிறோம்? "காலைல பால் எடுக்கக் கதவத் திறந்தா..." பால் என்றதும் விடிகாலை வந்துவிட்டது, தூக்கக் கலக்கம் வந்துவிட்டது, காபிக்கு முந்தைய முகம் வந்துவிட்டது. அதோடு, தினமும் நடக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பால் தினமும் வேண்டும். 'தண்ணி எடுக்க' என்று வைத்தால் இவ்வளவு கிடைக்காது. 'ஏதாவது எடுக்க' என்று வைத்தால் ஒன்றுமே கிடைக்காது.

பொதுப்பெயர் வரும் இடத்திலெல்லாம் குறிப்பான பெயரைப் போட்டுப் பார்ப்பது நகைச்சுவைக்காரர்களின் பழைய பழக்கம். கல்யாணப் பரிசு படத்தில் (1959) வேலை இல்லாத தங்கவேலு, மனைவியிடம் 'ஒரு கம்பெனியில்' வேலை பார்ப்பதாக அளந்திருந்தால் மறந்திருப்போம். மன்னார் அண்ட் கம்பெனி என்றார். இன்றைக்கும் இல்லாத கம்பெனிக்கு அதுதான் பெயர். ஃப்ரண்ட்ஸ் படத்தில் (2001) தலையில் சுத்தியல் விழுந்த கான்ட்ராக்டருக்கு நேசமணி என்று பெயர் இல்லாமல் வெறும் மேஸ்திரியாக இருந்திருந்தால், 2019-இல் உலகம் முழுக்க அவருக்காகப் பிரார்த்தனை டிரெண்ட் ஆகியிருக்குமா என்பது சந்தேகமே. பெயர் கொஞ்சம் கௌரவமாகவும், வருகிற அடிக்குப் பொருந்தாததாகவும் இருந்தால் நல்லது.

தமிழ் வாக்கியத்தின் வால்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிரிப்பை உண்டாக்கும் சொல் வரியின் கடைசிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தமிழில் அதற்கு ஒரு தொல்லை, வினை கடைசியில் வந்து நிற்கும். அதற்கும் பின்னால் 'ன்னு சொன்னாரு', 'ன்னு கேட்டாரு', 'ன்னு நெனச்சேன்' என்று ஒரு வால் தொங்கும். நம் ஓனர் வரியைப் பாருங்கள்: "ஓனர் 'ஆணியா அடிக்கிறீங்க'ன்னு கேக்குறாரு." சிரிப்பு 'அடிக்கிறீங்க'வில் வருகிறது. ஆனால் நீங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் முடிப்பதற்காகக் கூட்டம் மரியாதையாகக் காத்திருக்கிறது. முடித்தபோது சிரிப்பு ஆறிப் போயிருக்கிறது.

தீர்வு இரண்டு. ஒன்று, யார் பேசுகிறார் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுவது: "கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி." இது பட்டிமன்றப் பேச்சாளர்களின் வழி. கொஞ்சம் விளம்பரம் மாதிரி இருக்கும், ஆனால் வேலை செய்யும். இன்னொன்று, வாலை அறுத்துவிட்டு அந்த ஆளாகவே மாறிவிடுவது: "கீழ் வீட்லேருந்து ஓனர் குரல்... 'சார்... ஆணியா அடிக்கிறீங்க?'" அவ்வளவுதான், வாயை மூடிவிட வேண்டும். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் சிபாரிசு செய்வேன்.

பேச்சுத் தமிழில் சொற்களை இடம் மாற்றவும் முடியும். "கல்யாணம் கீழ விழுது" என்றும் சொல்லலாம், "கீழ விழுது... கல்யாணம்" என்றும் சொல்லலாம். கடைசிச் சொல் விதிப்படி இரண்டாவதுதான் சரி. ஆனால் சொல்லிப் பார்த்தால் அதில் மேடை நாடக வாடை அடிக்கிறது. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'கீழ விழுது' சின்னச் சொற்கள், சிரிப்பைப் பெரிதாகத் தடுக்காது. அதனால் முதலாவதை வைத்துக்கொள்வோம். விதியும் காதும் மோதினால் காது சொல்வதைக் கேளுங்கள்.

'திறந்தா', 'போய்ப் பாத்தா', 'எந்திரிச்சுப் பாத்தா' என்று வரும் அந்த 'ஆ' ஓசை நமக்குக் கிடைத்த வரம். "காலைல பால் எடுக்கக் கதவத் திறந்தா..." என்று நிறுத்தினால், தமிழ் தெரிந்த எவரும் மீதிக்காகக் காத்திருந்தே ஆகவேண்டும். வாக்கியம் முடியாமல் அந்தரத்தில் நிற்கிறது. அங்கே எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது அனுபவத்தில் வரும். தொடக்கத்தில் ஒரு மூச்சு போதும்.

அதேபோல் 'ஆம்' என்ற விகுதி. "அவரு டாக்டர்" என்றால் டாக்டர். "அவரு டாக்டராம்" என்றால் முடிந்தது கதை. ஒரே அசையில் நம்பிக்கையின்மை, கேலி, பக்கத்து வீட்டுக்காரியின் உதட்டுச் சுழிப்பு எல்லாம் வந்துவிட்டன. 'வேற' என்பதும் அப்படித்தான்: "இதுல இவருக்கு சால்வை வேற." எழுதி முடித்தபின் ஒவ்வொரு வரியிலும் இந்தச் சின்னச் சின்ன ஒட்டுகளைச் சேர்த்தும் நீக்கியும் சொல்லிப் பாருங்கள்.

சிலேடை பற்றி ஒரு வார்த்தை. பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் அடக்கிய காளமேகத்தின் ஊர் இது, சொல் விளையாட்டு நமக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. கிரேசி மோகன் பஞ்சதந்திரம் படத்தில் (2002) 'முன்னாடி', 'பின்னாடி' என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டே ஓர் உரையாடலை ஓட்டியிருப்பார். ஆனால் அதற்குப் பழகிய நடிகர்கள் பலர் பந்தைத் தட்டித் தட்டிக் கொடுக்க வேண்டும். தனியாக நிற்கும் புதியவர் அடுக்கடுக்காகச் சிலேடை சொன்னால், கூட்டம் சிரிப்பதற்குப் பதில் "ஐயோ" என்று முனகும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று போதும்.

சிரித்து முடித்தவர்களை இன்னொரு முறை

பஞ்ச் விழுந்தபின், புது செட்டப் எதுவும் இல்லாமல் அதன் மேலேயே போடும் அடுத்த வரிக்கு டேக் என்று பெயர். செட்டப்புக்கு ஏற்கெனவே உழைத்துவிட்டோம், இனி வருவது லாபம். நம்முடைய ஜோக்கில் ஓனர் குரல்தான் டேக். அது ஏன் வேலை செய்கிறது என்று பாருங்கள். மேலே ஒரு குடும்பத்தின் கல்யாணமே விழுந்து உடைகிறது. அவர் காதில் விழுந்தது ஆணிச் சத்தம். மடன் என்று தாளில் எழுதி வைத்தோமே, அதிலிருந்து நேராக வந்த வரி இது. ஆளின் குணம் தெளிவாக இருந்தால் டேக் தானாகக் கிடைக்கும். ஓனர் கோபக்காரர், கஞ்சன், சந்தேகப் பேர்வழி என்று நாலையும் கலந்திருந்தால் இது கிடைத்திருக்காது.

இன்னும் ஒன்று போடலாமா? தமிழில் நமக்கு இரண்டு குரல் இருக்கிறது, பேச்சுத் தமிழ் ஒன்று, பத்திரத் தமிழ் ஒன்று. அற்ப விஷயத்தைப் பத்திரத் தமிழில் சொன்னால் சிரிப்பு வரும். இம்சை அரசன் 23ஆம் புலிகேசி (2006) படம் முழுக்கவே அரசவைத் தமிழையும் அற்பத்தனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியதுதான். நம் ஓனருக்கும் ஒரு பத்திரம் இருக்கிறது:

"பதினோரு மாசம் ஆச்சு, அக்ரிமென்ட் புதுப்பிக்கணும். புதுசா ஒரு ஷரத்து சேத்துட்டாரு. 'மேற்படி தம்பதியர், மேற்படி கல்யாணத்தை, இரவு பத்து மணிக்கு மேல் கீழே போடக் கூடாது.'"

இங்கே 'சேத்துட்டாரு' என்பது முன்னாலேயே வந்துவிட்டதைக் கவனியுங்கள். வால் இல்லை. 'கல்யாணம்' மறுபடி வருகிறது, இந்த முறை ஓனர் வாயிலிருந்து. அந்தச் சொல்லை ஏற்கெனவே கூட்டத்துக்குப் பழக்கியிருக்கிறோம்.

மூன்றாவது டேக்குடன் நிறுத்திக்கொள்ளுங்கள். நாலாவதும் கையில் இருக்கிறது என்றால், அதை எடுத்து வைத்துக்கொண்டு, நாலு நிமிடம் கழித்து, வேறு ஏதோ விஷயம் பேசிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே பார்த்து "சார்... ஆணியா?" என்று கேளுங்கள். அதற்குப் பெயர் கால்பேக். கூட்டம் தாங்களே கண்டுபிடித்த மாதிரி சிரிப்பார்கள்.

இனி வாயும் முகமும்

தமிழ் பேசும்போது நமக்கு ஒரு கெட்ட பழக்கம், வாக்கியத்தின் கடைசியை விழுங்குவது. 'விழுது' என்பதில் 'வி' மட்டும் கேட்கும், மீதி சட்டைக் காலருக்குள் போய்விடும். வீட்டில் பரவாயில்லை. மேடையில் பஞ்ச்சே அங்கேதான் இருக்கிறது. கத்த வேண்டாம், கடைசி இரண்டு சொல்லை மட்டும் முழுசாகச் சொல்லுங்கள். முதல் வாரப் பயிற்சியில் இதை மட்டும் சரிசெய்தால்கூடப் போதும்.

நிறுத்தங்கள் இரண்டு இடத்தில். 'ஆணி அடிக்கக் கூடாது' என்றபின் ஒன்று, 'திறந்தா' என்றபின் ஒன்று. முதல் நிறுத்தத்தில் முகத்தில் எதுவும் வேண்டாம். ஓனர் சொன்னதை நீங்கள் நியாயம் என்றே ஏற்றுக்கொண்டவர் போல இருங்கள். இப்போதே புருவத்தை உயர்த்தினால் வரப்போவது கேலி என்று தெரிந்துவிடும். கையும் அப்படித்தான். பலர் 'கல்யாணம்' என்று சொல்வதற்கு முன்பே கையால் விழுவதைக் காட்டிவிடுகிறார்கள். கை முந்திக்கொண்டால் சொல்லுக்கு வேலை இல்லை. சொல் முடிந்தபின், கண் மட்டும் தரையைப் பார்க்கட்டும். அங்கே ஒரு போட்டோ கிடக்கிறது.

ஓனர் குரலுக்கு வருவோம். அவர் கீழ் வீட்டில் இருக்கிறார், அதனால் அவராகப் பேசும்போது மேலே பாருங்கள், கூரையைப் பார்த்துக் கேளுங்கள். நீங்களாகப் பேசும்போது கூட்டத்தைப் பாருங்கள். இந்தத் தலை அசைவு ஒன்றே இரண்டு மாடியையும் கட்டிவிடும். குரலை மாற்றிக் கட்டைக் குரலில் பேச வேண்டிய அவசியமே இல்லை. அவரைக் கோபக்காரராகவும் நடிக்காதீர்கள், கோபத்தை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். பயந்த, மரியாதையான குரல்: "சார்..." என்று ஒரு நிறுத்தம். தப்பாக நினைத்துக்கொள்ளப் போகிறாரே என்ற தயக்கத்துடன், "ஆணியா அடிக்கிறீங்க?" அழுத்தம் 'ஆணியா'வில் மட்டும்.

வாழைப்பழக் காட்சியைச் சத்தத்துக்காக மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கவுண்டமணி குரல் ஏறிக்கொண்டே போகும், செந்தில் குரல் தொடங்கிய இடத்திலேயே நிற்கும். இரண்டு பேரும் கத்தியிருந்தால் அது தெருச்சண்டை. நீங்கள் தனியாக இரண்டு பேராகவும் பேசும்போது, ஒருவரை ஏற்றினால் மற்றவரை இறக்கி வையுங்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். காதலிக்க நேரமில்லை (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் இடம். எல்லோரும் நாகேஷைப் பாராட்டுவார்கள், தப்பில்லை. அடுத்த முறை பாலையாவை மட்டும் பாருங்கள். அவர் பயப்படப் பயப்படத்தான் நாகேஷின் ஓசைகளுக்கு அர்த்தம் வருகிறது. கேட்பவன் முகம் இல்லாவிட்டால் அது வெறும் சத்தம். மேடையில் உங்களுக்குப் பாலையா கிடையாது, அவரையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும். ஓனர் கேள்வி கேட்டபின், கையில் பால் பாக்கெட்டுடன் பதில் தெரியாமல் நிற்கும் உங்கள் முகத்தை ஒரு நொடி காட்டுங்கள். பெரும்பாலும் சிரிப்பு பெருகுவது அந்த நொடியில்தான்.

வட்டாரப் பேச்சில் சொல்லலாமா என்றால், உங்களுடையதில் தாராளமாக. கோவைத் தமிழ் கவுண்டமணிக்கும் மதுரைத் தமிழ் வடிவேலுவுக்கும் சொந்தம், அதனால் இயல்பாக இருந்தது. தூத்துக்குடிக்காரர் சென்னைத் தமிழை வாடகைக்கு எடுத்தால் கூட்டம் ஜோக்கை விட்டுவிட்டு உச்சரிப்பைச் சோதிக்க ஆரம்பிக்கும்.

மேடையில்

மனப்பாடம் செய்த வரிகளை ஒப்பிக்காதீர்கள், ஆனால் பஞ்ச் வரிகளை மட்டும் சொல் மாறாமல் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் வருவதை எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். 'கல்யாணம்' என்பதற்குப் பதில் 'போட்டோ' என்று வாய் தவறினால் ஜோக் போச்சு.

மைக் ஸ்டாண்டை எடுத்துப் பின்னால் வைத்துவிடுங்கள். முன்னால் நின்றால் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளத் தோன்றும். மைக் முகவாய்க்குப் பக்கத்தில் இருக்கட்டும், தலையைத் திருப்பும்போது அதுவும் கூடவே திரும்ப வேண்டும். நேரம் முடியப் போகிறது என்பதற்கு அரங்கின் பின்னாலிருந்து போன் வெளிச்சத்தைக் காட்டுவார்கள். வெளிச்சம் தெரிந்தால், சொல்லிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டு இறங்குங்கள். அடுத்து ஏறுபவரின் நேரத்தைத் தின்றால் மறுபடி கூப்பிடமாட்டார்கள்.

சிரிப்பு வந்தால் பேசாதீர்கள். முழுக்க அடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம், பாதி இறங்கும்போது அடுத்த வரியைத் தொடுங்கள். சிரிப்பு வரவில்லையா? "புரியலையா?" என்று கேட்காதீர்கள், விளக்காதீர்கள், நீங்களே சிரித்துக் காட்டாதீர்கள். வரி முடிந்தது போலவே அடுத்ததற்குப் போங்கள். பாதிப் பேருக்கு அங்கே ஒரு ஜோக் இருந்ததே தெரிந்திருக்காது.

நடுவில் யாராவது குரல் கொடுப்பார்கள். அதிலும் 'ஆணி' என்ற சொல்லைத் தமிழ்க் கூட்டத்தில் சொன்னால், பின்வரிசையிலிருந்து ஒருவர் "ஆணியே புடுங்க வேணாம்" என்று கத்துவது கிட்டத்தட்ட உறுதி. அது வடிவேலுவின் வரி, நேசமணி வந்த அதே படம். அவருடன் போட்டிக்குப் போகாதீர்கள். நிதானமாக அவரைப் பார்த்து, "எங்க ஓனரும் அதையேதான் சார் சொல்றாரு" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். உங்கள் ஜோக்கில் எந்தச் சொல் எந்த சினிமா வரியைக் கிளப்பும் என்று முன்கூட்டியே யோசித்து, இப்படி ஒரு பதிலைக் கைவசம் வைத்திருப்பது நல்லது. அந்த நேரத்தில் தோன்றியது என்றே நினைத்துக்கொள்வார்கள்.

இறங்கிய பின்

மேடையில் பேசியதைப் போனில் பதிவு செய்திருக்க வேண்டும். அன்றிரவு கேட்காதீர்கள், உங்கள் குரலே பிடிக்காமல் போகும். மறுநாள் கேளுங்கள். தாளில் வரிகளை எழுதி, சிரிப்பு வந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள். நீங்கள் நினைத்த சொல்லில் வந்ததா, அதற்கு முன்னாலேயே வந்துவிட்டதா என்று பாருங்கள். முன்னாலேயே வந்திருந்தால் அந்தச் சொல்லோடு வரியை நிறுத்திவிடுங்கள், பின்னால் இருப்பது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

அடுத்த ஓப்பன் மைக்குக்குப் பெயர் கொடுக்கும்போது புது ஜோக்குகளை எடுத்துப் போக ஆசையாக இருக்கும். வேண்டாம், இதே ஐந்து நிமிடத்தைத் திருத்தி எடுத்துப் போங்கள். பலமான ஜோக்கைக் கடைசியிலும் இரண்டாவது பலமானதை முதலிலும் வைத்து, சந்தேகமானவற்றை நடுவில் போடுங்கள். வேறு வேறு கூட்டத்திலும் ஒரு வரி மௌனத்தையே வாங்கினால் அதை வெட்டுவதற்கு முன், அதற்கு முந்தைய வரியைப் படித்துப் பாருங்கள். ஏதோ ஒரு தகவலை அங்கே சொல்லாமல் விட்டிருப்பீர்கள், இல்லாவிட்டால் தேவைக்கு மேல் சொல்லியிருப்பீர்கள்.